குளத்துக் குமிழியிலிருந்து கடலடி சென்சார் வரை – மீத்தேனை அளந்த கதை

இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் நல்லது :-)

எங்கள் வரதராஜன்பேட்டை பக்கம் குளத்தில் இறங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடியில் இருக்கும் சேற்றைக் காலால் அழுத்தினால் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். சின்ன வயதில் மீன் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் இல்லை, மீத்தேன்! (மன்னிக்கவும், இந்த ஒரு மொக்கைதான், இனி கிடையாது.) இலை, தழை, சாணம் எல்லாம் காற்றுப்படாத சேற்றில் அழுகும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. இதே வேலை கடலுக்கு அடியிலும் நடக்கிறது, பல ஆயிரம் மடங்கு பெரிய அளவில். அந்தக் கடலடி மீத்தேனை மனிதன் எப்படி அளக்கக் கற்றுக்கொண்டான், நம் நாட்டில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

"முந்திரிக்காட்டுக்கும் ஆழ்கடலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரியலூரைச் சுற்றி மண்ணைத் தோண்டினால் சிப்பியும், சுருள் சுருளான அம்மோனைட்டும் கிடைக்கின்றன. கிரெட்டேசியஸ் காலத்தில் இது கடல். 1840களிலேயே இந்தப் பக்கத்துப் புதைபடிவங்கள் லண்டனுக்குப் போய், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார். இன்று சிமெண்ட் ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல்லில் அந்தப் பழைய கடலின் ஓடுகள்தான் இருக்கின்றன. நிலவியல்காரர்கள் காவிரிப் படுகையைப் பல உட்படுகைகளாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயரே அரியலூர்–புதுச்சேரி உட்படுகை. படுகை கரையோடு நின்றுவிடுவதில்லை, வங்கக்கடலுக்குள் தொடர்கிறது. ஆக, நம் காலடியில் இருக்கும் அதே படுகையின் மறுகோடி ஆழ்கடலில் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

1776 நவம்பர். இத்தாலியில் மஜோரே ஏரி. பின்னாளில் மின்கலம் செய்து புகழ்பெற்ற அலெஸாண்ட்ரோ வோல்டா, கரையோரச் சேற்றைக் குச்சியால் கிளறுகிறார். கிளம்பிய குமிழிகளைத் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்த பாட்டிலில் சேகரிக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பற்ற வைத்தால் நீலமாக எரிகிறது. பிறகு காற்றோடு கலந்து மின்பொறியால் வெடிக்க வைத்து, எந்த விகிதத்தில் எப்படி எரிகிறது என்று பார்த்தார். மீத்தேனை ஒருவர் முறையாகப் பிடித்து ஆராய்ந்த முதல் கதை இதுதான். வேடிக்கை என்னவென்றால், இன்றும் ஆழ்கடல் ரோபோக்கள் கடலடிக் குமிழிகளைப் பிடிக்க ஒரு புனலைத் தலைகீழாகத்தான் கவிழ்க்கின்றன. 250 வருடமாகியும் வோல்டாவின் பாட்டில் மாறவில்லை!

ஆனால் குமிழியாக வருவதைப் பிடிப்பது சுலபம். தண்ணீரில் கரைந்து கிடப்பதை அளப்பதுதான் தலைவலி. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கடல்மேற்பரப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 2 முதல் 3 நானோமோல் மீத்தேன்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதை முழுக்கக் கடல்நீரால் நிரப்பினாலும் உள்ளே இருக்கும் மீத்தேன் சுமார் அரை மில்லிகிராம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதே சமயம், கடலடியில் கசிவு இருக்கும் இடத்தில் இந்த அளவு பல நூறு மடங்கு, பல ஆயிரம் மடங்கு என்று எகிறும். தங்கம் நிறுக்கும் தராசும் லாரி எடை போடும் மேடையும் ஒரே கருவியாக இருக்க வேண்டும் என்று கேட்பது மாதிரி!

வழி பிறந்தது 1960களில். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஸ்வின்னர்டன், லின்னென்போம், சீக் ஆகியோர் 1962-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். தண்ணீருக்குள் ஹீலியத்தைக் குமிழியாக விட்டு, கரைந்திருக்கும் வாயுக்களை வெளியே துரத்தி, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் அனுப்பிப் பிரித்து அளப்பது. 1967-ல் அதையே கடல்நீரின் மீத்தேன் முதலான ஹைட்ரோகார்பன்களுக்கு மெருகேற்றினார்கள். வந்த வாயுவைக் கடுங்குளிரில் பிடித்துவைத்து, பிறகு சூடாக்கி ஒரே மூச்சில் கருவிக்குள் அனுப்புவது இதன் நுட்பம். கொஞ்சம் கொஞ்சமாக வருவதைச் சேர்த்து வைத்து மொத்தமாக எடை போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையால் கிடைத்த முதல் அதிர்ச்சி, கடலின் மேற்பரப்பு நீரில் காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிட மீத்தேன் அதிகமாக இருந்தது! ஆக்சிஜன் நிறைந்த நீரில் மீத்தேன் உண்டாகக் கூடாதே? 1977-ல் ஸ்க்ரேன்டனும் ப்ரூவரும் இதை விரிவாக எழுதினார்கள். 'கடல் மீத்தேன் முரண்' என்றே பெயர் வந்துவிட்டது. பாஸ்பேட் கிடைக்காத நுண்ணுயிர்கள் ஒருவகைப் பாஸ்பரஸ் சேர்மத்தை உடைக்கும்போது மீத்தேன் வெளியாகிறது என்ற விளக்கம் 2008-ல்தான் வந்தது. நம் அரபிக்கடலும் இந்த வரலாற்றில் வருகிறது. அதன் மேற்பரப்பிலிருந்து கணிசமான மீத்தேன் காற்றுக்குப் போகிறது என்று ஓவன்ஸும் சகாக்களும் 1991-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பிறகு கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அங்கே நிறைய அளந்தார்கள்.

இதெல்லாம் பாட்டில் யுகம். கப்பலிலிருந்து ஒரு வளையத்தில் 12 அல்லது 24 பாட்டில்களைக் கம்பியில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடி, மேலே இழுத்து ஆய்வுக்கூடத்தில் அளப்பது. இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 100 மடங்கு. அந்த அழுத்தத்தில் நிறைய வாயு கரைந்திருக்கும் நீரை மேலே கொண்டுவந்தால் என்ன ஆகும்? கோலி சோடாவை உடைத்த கதைதான். புஸ்ஸென்று நுரைத்துப் பாதி போய்விடும். இரண்டாவது, கசிவு என்பது ஒரு சின்னப் புகைபோக்கி மாதிரி. பத்து மீட்டர் தள்ளிப் பாட்டிலை மூடினால் ஒன்றும் தெரியாது.

1984-ல் இந்த இரண்டாவது ஓட்டை ரொம்பப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. புளோரிடா அருகே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் சூரிய ஒளியே இல்லாத இடத்தில் சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் கூட்டங்கூட்டமாக வாழ்வதைப் பார்த்தார்கள். வெந்நீர் ஊற்று கிடையாது, குளிர்ந்த கசிவு. அடியிலிருந்து வரும் வாயுக்களை உண்ணும் நுண்ணுயிர்களை நம்பி ஒரு ஊரே வாழ்கிறது. அதன் பிறகு உலகம் முழுக்க இப்படிப்பட்ட 'குளிர் கசிவுகள்' கிடைக்க ஆரம்பித்தன. 1996-ல் ஜெர்மனியின் சோனே கப்பல், அமெரிக்காவின் ஆரிகன் கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து வெள்ளை வெளேரென்ற மீத்தேன் ஐஸ் கட்டிகளை அள்ளி வந்து மேலே போட்டது. தீக்குச்சி காட்டினால் எரியும் ஐஸ். இதற்கு எரிவாயு ஹைட்ரேட் என்று பெயர். 1888-லேயே வில்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியதுதான். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கரைந்தால் சுமார் 164 கன மீட்டர் வாயு வரும்.

இப்போது கடலுக்குள்ளேயே இறங்கி, அங்கேயே நின்று அளக்கும் ஒரு கருவி தேவை. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையல் கட்டிலிருந்து!

ஜப்பானில் வீடுகளில் எரிவாயு சிலிண்டர் பரவிய காலத்தில் விபத்துகளும் பெருகின. நவோயோஷி தகுச்சி என்பவர் 1962-ல் ஒரு எளிய சென்சாருக்குக் காப்புரிமை கோரினார். சூடான வெள்ளீய ஆக்சைடு துகள்கள் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது மின்சாரம் சுலபமாகப் போகாது. எரியும் வாயு வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றால் மின்தடை சட்டென்று குறையும், அலாரம் அடிக்கும். அவ்வளவுதான். இன்று ஐம்பது நூறு ரூபாய்க்கு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், நம்மில் பலர் காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கிய அதே கேஸ் சென்சாரின் தாத்தா இது. (சமையல் சிலிண்டரில் இருப்பது மீத்தேன் இல்லை, புரோப்பேனும் பியூட்டேனும். சென்சாருக்கு அந்தப் பாகுபாடெல்லாம் பெரிதாகக் கிடையாது. அதுவே பிறகு பிரச்சினையானது.)

1990களின் இறுதியில் ஜெர்மனியின் காப்சம் நிறுவனம் இதைக் கடலுக்குள் இறக்கியது. 'மெட்ஸ்' என்று பெயர். பிற்பாடு ஃபிரானாடெக் என்ற பெயரில் வந்தது. தண்ணீர் புகாத, ஆனால் வாயு புகும் ஒரு மெல்லிய சிலிக்கோன் சவ்வு முன்னால் இருக்கும். கடல் அழுத்தத்தில் அது கிழியாமல் பின்னால் ஒரு துளையுள்ள உலோகத் தட்டு தாங்கும். கரைந்த மீத்தேன் சவ்வு வழியாக ஊறி உள்ளறைக்கு வரும். அங்கே வெள்ளீய ஆக்சைடு காத்திருக்கும். ஆள் இல்லாமல், பாட்டில் இல்லாமல், கடலடியிலேயே தொடர்ந்து எண்கள் வர ஆரம்பித்தன. 2004-ல் கிரேக்கத்தின் பட்ராஸ் வளைகுடாவில், 42 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய கசிவுக் குழிக்குள் இப்படிப்பட்ட சென்சார்கள் கொண்ட ஒரு நிலையத்தை வைத்து, ஆறு மாதத்துக்கும் மேலான பதிவை எடுத்தார்கள். கசிவு ஒரே சீராக இல்லை, ஏறி இறங்குகிறது என்பது அப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு நாள் போய் ஒரு பாட்டில் எடுத்து வந்திருந்தால், ஏறிய நாளா இறங்கிய நாளா என்று யாருக்குத் தெரியும்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சென்சாரின் குறைகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. சவ்வு வழியாக வாயு ஊற நேரமாகும், குளிர்ந்த நீரில் இன்னும் நேரமாகும். ஆக, ரோபோ கசிவைத் தாண்டிப் போன பிறகுதான் எண் ஏறும். கசிவிலிருந்து வெளியே வந்த பின்னும் பழைய நினைப்பிலேயே காட்டிக்கொண்டிருக்கும். நீரோட்டம் மாறினால் எண் மாறும். கசிவு இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும், அதற்கும் இது ஆடும். எல்லாவற்றையும்விட, வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். நம் அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் இருநூறு மீட்டருக்குக் கீழே பல நூறு மீட்டர் தடிமனுக்கு ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் கருவி இறங்க வேண்டும். அது போக, இதன் அளவு வரம்பு தொடங்குவதே சுமார் 50 நானோமோலில். சாதாரணக் கடல்நீரின் 2, 3 நானோமோல் இதன் கண்ணுக்கே தெரியாது. கசிவைக் கண்டுபிடிக்கும் மோப்ப நாய் என்று வேண்டுமானால் சொல்லலாம், தராசு என்று சொல்ல மனம் வரவில்லை.

பிறகு வந்தவை ஒளியை நம்பின. ஜெர்மனியின் கீல் நகரத்து கான்ட்ரோஸ் நிறுவனம் சவ்வுக்குப் பின்னால் அகச்சிவப்புக் கதிரை வைத்தது. மீத்தேன் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு மீத்தேன் என்று தெரியும். ஆக்சிஜன் தொல்லை இல்லை. அடுத்து லேசர் வைத்தார்கள், இன்னும் கூர்மை. ஆனால் சவ்வு சவ்வுதான், ஊற நேரமாகும் தொல்லை முழுதாகப் போகவில்லை.

அளவு ஏன் முக்கியம் என்று 2010 காட்டியது. ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் கிணறு வாய் திறந்துகொண்டது. மே மாதம் அதன் மேல் கவிழ்க்கக் கொண்டுபோன பெரிய இரும்புக் கூண்டு, உள்ளே ஹைட்ரேட் ஐஸ் அடைத்துக்கொண்டதால் பயனற்றுப் போனது. எண்ணெயைப் பற்றித்தான் செய்திகளில் பார்த்தோம். ஆனால் கூடவே ஏராளமான மீத்தேனும் வந்து ஆழத்திலேயே கரைந்து நின்றது. அது எங்கே போனது? 2011 ஜனவரியில் கெஸ்லரும் சகாக்களும் சயன்ஸ் இதழில், சுமார் நான்கு மாதத்துக்குள் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டன என்று எழுதினார்கள். நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. அதே வருடம் அதே இதழில் சமந்தா ஜாய் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அளவுகள் போதாது, வேறு விளக்கமும் சாத்தியம் என்றார்கள். இரு தரப்பும் பெரிய விஞ்ஞானிகள். கடலில் முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்த சென்சார் வரிசை ஒன்று இருந்திருந்தால் இந்தச் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தபோது, மீத்தேன் சென்சார் பொருத்திய தானியங்கி கிளைடர்களைக் கடலில் விட்டு, கரைந்த மீத்தேன் எங்கே பரவுகிறது என்று தொடர்ந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு முன்னேற்றம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம்.

தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டம் 1997-ல் தொடங்கப்பட்டது. 2006 ஏப்ரல் 28 முதல் ஆகஸ்ட் 19 வரை ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துரப்பணக் கப்பல் நம் இரு கடல்களையும் அந்தமானையும் சுற்றி 21 இடங்களில் துளையிட்டது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் கலந்த களிமண் கிடைத்தது. மேலே வந்த மண்கழியை உடனே அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பார்களாம். ஹைட்ரேட் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும், அதனால் அது இருக்கும் இடம் மட்டும் சில்லென்று தனியாகத் தெரியும். என்ன அழகான யோசனை! 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பல் வந்து இரண்டாவது சுற்று நடத்தியது, இம்முறை 25 இடங்கள்.

சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் (1993-ல் தொடங்கியது) இதற்கான ஆழ்கடல் வாகனத்தைச் செய்தது. சதுப்பு நிலத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு மீத்தேன் தேடும் நிறுவனம். ஜன்னலைத் திறந்தாலே கிடைக்குமே என்று எனக்குத் தோன்றும். மாஸ்கோ பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய அந்த ரோபோவின் பெயர் ரோசப் 6000. சாகர் நிதி கப்பலிலிருந்து இறங்கி, 2010-ல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை போய் வந்தது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலும் ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் ஹைட்ரேட் தேடலுக்காக இறங்கியது. கரைந்த மீத்தேனை உணரும் சென்சாரும் அதன் கருவிகளில் ஒன்று.

உயிருள்ள கசிவு கிடைத்தது 2018-ல். கோவா நிறுவனத்தின் சிந்து சாதனா கப்பல், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் எதிரொலிக் கருவியில் தீப்பிழம்பு மாதிரி எழும் குமிழிப் புகையைப் பார்த்து, அடியிலிருந்து ஹைட்ரேட்டையும் மீத்தேனை நம்பி வாழும் சிப்பி, புழுக்களையும் எடுத்தது. இந்தியக் கடல் எல்லைக்குள் இப்படி உயிரோடு இயங்கும் கசிவின் முதல் பதிவு என்று 2019-ல் ஆய்வுக்கட்டுரை வந்தது. அதன் பிறகு நம் காவிரி–மன்னார் படுகையின் கடற்பகுதியிலும் குளிர் கசிவுகளுக்கான சான்றுகள் வெளியாகியிருக்கின்றன. அரியலூர்ச் சிப்பிக்குத் தூரத்துச் சொந்தம் இன்னும் அங்கே குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. இந்த ஹைட்ரேட்டை ஒருநாள் எரிபொருளாக எடுக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஜப்பான் 2013 மார்ச்சில் நங்காய் பகுதியில் முயன்றது. ஆறு நாளில் மணல் ஏறி நின்றது. 2017-ல் மறுபடி முயன்றது. சீனா 2017-ல் 60 நாள், 2020-ல் 30 நாள் எடுத்துக் காட்டியது. ஜப்பான்காரர்கள் சோதனைக்காகக் கடலடியில் மீத்தேன் சென்சார்களையும் வைத்தார்கள். நாமும் எடுக்கப் போனால், எடுப்பதற்குப் பல வருடம் முன்பே கடலடியில் சென்சார் நிற்க வேண்டும். ஏனென்றால் அங்கே இயற்கையாகவே கசிவு இருக்கிறது. நாளைக்கு எண் கூடினால், "இது எப்போதும் இருப்பதுதான்" என்று ஒருவர் சொல்வார், "உங்களால்தான் வந்தது" என்று இன்னொருவர் சொல்வார். பழைய எண் இல்லாமல் இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்க்கவே முடியாது.

மீத்தேன் என்ற சொல் நம் பக்கம் எப்படிப்பட்ட சொல் என்று உங்களுக்குத் தெரியும். மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு 2010-ல் ஒப்பந்தம், பிறகு வருடக்கணக்கில் போராட்டம், 2015-ல் தமிழக அரசின் தடை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை எல்லாம் உண்டு, அரியலூர் இல்லை. 2021 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்தது, மாநில அரசுத் தரப்பு ஏற்கவில்லை. அது எண்ணெய், எரிவாயுக் கிணறு. ஹைட்ரேட்டும் இல்லை, நிலக்கரி மீத்தேனும் இல்லை. மூன்றையும் குழப்பிக்கொண்டு டீக்கடையில் நடக்கும் சண்டையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் மூன்றுக்கும் ஒரே கேள்விதான் வரும்: முன்னால் எவ்வளவு இருந்தது?

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பூர்வஜாவும் ரமேஷும் பிச்சாவரம் அலையாத்திக் காடு, எண்ணூர் கழிமுகம், அடையாறு முகத்துவாரம் ஆகிய இடங்களில் மீத்தேன் வெளிவருவதை அளந்து 2000, 2001-ல் வெளியிட்டார்கள். சாக்கடையும் ஆலைக்கழிவும் சேரும் இடங்களில் அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள். இன்று யாராவது பிச்சாவரத்தில் அளந்தால், ஒப்பிட அந்தப் பழைய எண்கள் இருக்கின்றன.

எங்கள் ஊர்க் குளத்துக்கு லேசர் சென்சார் எல்லாம் வேண்டாம். வோல்டாவின் பாட்டிலும் ஒரு கேஸ் குரோமட்டோகிராஃபும் போதும். உங்கள் காலேஜ் லேபில் அந்தக் கருவி ஓடும் நிலையில் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டேன்.